தலையணை கணக்கு

மூணு மாசமா ஒரு கதையோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். காஸ்மிக் ஹாரர்னு ஒரு வகை இருக்கு பாருங்க, பிரபஞ்சம் எவ்ளோ பெருசு நாம எவ்ளோ தூசுன்னு காட்டியே வயித்த கலக்குமே, அந்த வகையில ஒண்ணு எழுதிடலாம்னு ஆரம்பிச்சது. முதல் டிராஃப்ட்ட முடிச்சு ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் சத்தமே இல்ல. அப்புறம் பதினஞ்சு செகண்டுக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "மச்சான், செம. கீழ ரூம்ல இருந்து அந்த ஜந்து வெளிய வர்ற வரைக்கும் நெசமாவே கை சில்லுன்னு ஆயிடுச்சுடா. அது வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு."

அப்பாடாவா?

பாராட்டுறானா காலை வாருறானான்னே புரியல. ஒரு நாள் முழுக்க உர்ருன்னு இருந்தேன். ஆனா யோசிக்க யோசிக்க அவன் சொன்னது சரிதான்னு பட்டுச்சு. கதை நடக்குறது ஒரு காப்பகத்துல. அங்க சேர்றவங்க காணாம போறாங்க. யார் பண்றா, எதுக்கு பண்றா, இத்தனை பேர் வேலை பாக்குற இடத்துல ஏன் ஒருத்தர் கூட வாயத் திறக்கலன்னு இருபது பக்கத்துக்கு பில்டப் குடுத்திருந்தேன், கடைசியில பார்த்தா கீழ ஒரு ஜந்து இருக்காம், அது தின்னுடுச்சாம். முடிஞ்சுது. மனுஷன் எவனுக்கும் இதுல சம்பந்தம் இல்லன்னு ஆயிடுச்சுல்ல, அதான் அந்த அப்பாடா. மொத்த பழியையும் தூக்கி ஒரு ஆக்டோபஸ் கை மேல போட்டுட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே ஜந்துவ டிலீட் பண்ணேன். தலைவலி அப்பதான் ஆரம்பிச்சுது. ஜந்து போனா மிச்சம் இருக்கறது காஸ்மிக் ஹாரரா, இல்ல சாதா க்ரைம் கதையா?

இந்த வகை தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். லவ்கிராஃப்ட்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், 1890ல பொறந்து 1937ல செத்துப்போனவர், உயிரோட இருந்த வரைக்கும் பெருசா பேரும் இல்ல காசும் இல்ல. அவர் 1926ல எழுதி 1928ல 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில வந்த கதுலு கதையிலதான் இந்த வகையோட மொத்த டெம்ப்ளேட்டும் இருக்கு. கடலுக்கு அடியில தூங்குற ஆக்டோபஸ் தலை சாமி, அதான் கதுலு, எல்லாருக்கும் தெரியும், டி-ஷர்ட்ல எல்லாம் வந்துடுச்சு. எனக்கு அந்த சாமிய விட பிடிச்சது அதுல வர்ற பேப்பர்ங்கதான். ஹீரோன்னு ஒருத்தன், செத்துப்போன தாத்தா முறை ப்ரொஃபசர் விட்டுட்டுப்போன பெட்டிய பிரிக்கிறான், உள்ள ஒரு களிமண் சிற்பம், கொஞ்சம் கனவுக் குறிப்பு, ஒரு போலீஸ்காரர் சொன்ன விவரம். அப்புறம் வேற எங்கேயோ ஒரு மியூசியத்துல ஷெல்ஃப்ல விரிச்சிருந்த பழைய நியூஸ்பேப்பர்ல ஒரு செய்தி கண்ணுல படுது. எல்லாம் தனித்தனியா கிடந்த வரைக்கும் குப்பை. பக்கத்துல பக்கத்துல வச்சதும் அவன் வாழ்க்கை காலி. மனுஷ மூளையால எல்லாத்தையும் கோத்துப் பார்க்க முடியாம இருக்கறதே பெரிய கருணைன்னுதான் அந்தக் கதையே ஆரம்பிக்கும்.

அந்த சாமிக்கு நம்ம மேல கோபம் கூட கிடையாது, கவனிங்க. நடக்கும்போது கால்ல எறும்பு மிதிபட்டா அது மேல நமக்கு என்ன வன்மம்? அது மாதிரிதான்.

சரி, ஜந்து இல்லாம இதை எழுதணும்னா என்ன பண்ணுவாங்கன்னு தேடித்தேடிப் படிச்சேன், பார்த்தேன். பாதிப்பேர் ஒரு சைக்கோ கொலைகாரன கொண்டு வந்து விட்டுடறாங்க. கத்தியோட ஒருத்தன்னா அது எவ்ளோ பெரிய கத்தியா இருந்தாலும் கதவ தாழ் போட்டா தீர்ந்துடற பயம்ங்க அது. மிச்சப்பேர் ரகசிய கும்பல், முகமூடி, மெழுகுவத்தி, வாயில நுழையாத மந்திரம்னு போயிடறாங்க. அதுல ஓரளவு தேறினது 2014ல வந்த 'ட்ரூ டிடெக்டிவ்'ங்கற அமெரிக்க டிவி சீரிஸோட முதல் சீசன் (பார்க்காதவங்க அடுத்த பாராவுக்கு தாவிடுங்க). 1895ல வந்த ஒரு பழைய அமெரிக்க புக்ல இருந்து மஞ்சள் ராஜாங்கற மர்ம உருவத்த எடுத்து எட்டு எபிசோடும் தூவி, ஏதோ வேற உலகமே கதவு திறக்கப்போகுதுன்னு நம்ப வச்சுட்டு, கடைசியில மாட்டுறது புல்லு வெட்டுற ஒரு ஆளு. நெறைய பேர் அப்ப இதான் முடிவான்னு கடுப்பானாங்க. எனக்கு பயம் வந்தது அதுக்கும் அப்புறம் ஒரு இடத்துல, ஆஸ்பத்திரி டிவியில நியூஸ் ஓடிக்கிட்டு இருக்கும், செல்வாக்கான ஒரு பெரிய அரசியல் குடும்பத்துக்கும் இந்தக் கொலைங்களுக்கும் எந்த தொடர்பும் இல்லைன்னு அதுல சொல்வாங்க. ரெண்டு செகண்ட்தான் வரும். சீசன்லயே பெரிய ஜந்து அந்த ரெண்டு செகண்ட்தான்னு எனக்கு தோணுச்சு.

இப்படியே சுத்திக்கிட்டு இருந்தப்ப மொரெல் ஞாபகம் வந்துச்சு. இது கதை இல்ல, நடந்தது.

1890கள் முடியப்போற நேரம். லிவர்பூல்ல எல்டர் டெம்ப்ஸ்டர்னு ஒரு கப்பல் கம்பெனி, அதுல எட்மண்ட் மொரெல்னு ஒரு கிளார்க், வயசு இருபதுகள்ல. ஆப்பிரிக்காவுல காங்கோவுக்கு சரக்கு ஏத்திட்டுப் போற காண்ட்ராக்ட் அந்த கம்பெனிகிட்ட இருந்துச்சு. இவருக்கு ஃப்ரெஞ்சு நல்லா வரும்ங்கறதால பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அடிக்கடி அனுப்புவாங்க. போன இடத்துல இவர் வேலை என்ன, கப்பல் வருது, என்ன இறங்குதுன்னு பாக்கணும், என்ன ஏறுதுன்னு பாக்கணும். இறங்குறது ரப்பர், தந்தம், மலை மலையா. ஏறுறது? துப்பாக்கி, தோட்டா, ராணுவ ஆளுங்க. அப்புறம் பேருக்கு கொஞ்சம் சரக்கு. வியாபாரம்னு ஒண்ணு நடந்தா இங்கேர்ந்து ஏதாவது அங்க போகணுமே, துணியோ பாத்திரமோ காசோ. அவ்ளோ ரப்பருக்கு ஈடா எதுவுமே போகல. அப்ப அந்த ஜனங்க எதுக்காக காட்டுக்குள்ள போய் ரப்பர் எடுத்துக் குடுக்கறாங்க?

கூட்டல் கழித்தல் தெரிஞ்ச யாருக்கும் ஒரே ஒரு விடைதான் வரும். அந்த மனுஷன் காங்கோவ கண்ணால பார்த்ததே இல்ல. ஒரு அலறல் கேக்கல, ஒரு பொணத்த பார்க்கல. சரக்கு ரசீத கையில வச்சுக்கிட்டு துறைமுகத்துல நின்னு ஒரு நாட்டையே அடிமையாக்கி வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சார். ஒரு கொலைய எதேச்சையா பார்த்தாலே கொடுமை, நான் ஒரு ராஜாவே கூட்டாளியா இருக்கற கொலைகார கும்பல்ல போய் முட்டிக்கிட்டேன்னு பிற்பாடு எழுதினார்.

கதுலு கதையில அந்த பெட்டிய பிரிச்சவனும் இவரும் பண்ணது ஒரே வேலைதான? துண்டு துண்டா கிடந்த பேப்பர கோத்தாங்க. எனக்கு இதுல உடம்பு சிலிர்த்துடுச்சு, ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து லைட்ட போட்டு நோட்ல எழுதி வச்சேன்.

காங்கோ அப்ப ஒரு நாட்டோட காலனி கூட கிடையாது. 1885லேர்ந்து 1908 வரைக்கும் பெல்ஜியம் ராஜா லியோபோல்டோட சொந்த சொத்து. அந்த ஆளு ஒரு தடவை கூட அங்க கால் வச்சதில்ல. இதை விட காஸ்மிக்கா என்ன வேணும் சொல்லுங்க, எங்கேயோ தூரத்துல கண்ணுக்கே தெரியாம ஒண்ணு உக்காந்திருக்கு, அது அசைஞ்சா இங்க ஊர் ஊரா அழியுது, அதுக்கு இவங்க யாரு பேரும் தெரியாது. ஆனா அந்த 'ஒண்ணு' தாடி வச்ச, பேத்தி இருக்கற ஒரு கிழவர்.

அங்க கை வெட்டினது பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு படிச்சப்பதான் எனக்கு தூக்கம் போச்சு. சிப்பாய்க்கு தோட்டா எண்ணித்தான் குடுப்பாங்க. அதை வேட்டையாடி வீணாக்கிடக்கூடாதுன்னு மேலதிகாரிக்கு கவலை. அதனால சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கைய கொண்டாந்து கணக்கு காட்டணும். தோட்டா குறைஞ்சு போச்சு, வேட்டைக்கு செலவாயிடுச்சுன்னா? உயிரோட இருக்கறவங்க கைய வெட்டி கணக்க சரி பண்ணாங்க. அதிகாரி வர்றதுக்கு நாளாகும், அதுக்குள்ள அழுகிடக்கூடாதுன்னு புகை போட்டு பதப்படுத்தி வச்சாங்க.

இது வெறி கிடையாதுங்க, ஸ்டோர்ஸ் டிபார்ட்மென்ட் ரூல். சரக்கு வீணாகக்கூடாது, அவ்ளோதான் அந்த ரூல். அந்த ரூல போட்டவன் கைய பத்தி யோசிச்சே இருக்க மாட்டான், ஸ்டாக்க பத்திதான் யோசிச்சிருப்பான்.

லவ்கிராஃப்ட் பாணியில உள்ள போகப்போக புரியாது, வடிவம் சொல்ல முடியாது, பேரே இல்லாத ஏதோ ஒண்ணுன்னு எழுதி எழுதி கை ஓஞ்சிடும். மனுஷன் பண்ற விஷயத்துல உள்ள போகப்போக புரியுது. அதான் வயித்த கலக்குது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு லாஜிக்கா போகுது, நடுவுல எங்கேயும் பைத்தியக்காரத்தனம்னு விரல் வச்சு காட்ட முடியல, நாமளும் அந்த சீட்ல இருந்தா இந்த ரூல போட்டிருப்போமோன்னு ஒரு செகண்ட் தோணிடுது பாருங்க, அந்த செகண்டுக்காகத்தான் இந்த வகையே எழுதணும்னு நெனைக்கிறேன்.

இங்க ஒரு பள்ளம் இருக்கு, நானே விழுந்தேன். காஸ்மிக் மூடு வேணும்னு பனிமூட்டம், இருட்டு, சொல்ல முடியாத ஏதோன்னு அடுக்க ஆரம்பிச்சா குத்தவாளி தப்பிச்சு ஓடிடுவான். ஜோசப் கான்ராட்னு ஒரு எழுத்தாளர், 1890ல காங்கோ ஆத்துல ஸ்டீமர்ல வேலை பார்த்தவர், நேர்ல பார்த்தவர், அதை வச்சு எழுதின 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' 1899ல வந்துச்சு. ஆத்துமேல பனி, காடு, மௌனம், இருட்டுன்னு மனுஷன் பின்னி எடுத்திருப்பார். 1975ல நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே ஒரு லெக்சர்ல அதை போட்டு கிழிச்சார், ஒரு ஐரோப்பியனோட மனசு உடையறத காட்ட ஆப்பிரிக்காவ வெறும் செட்டு மாதிரி ஆக்கிட்டியே, அங்க இருக்கற ஜனங்கள மனுஷங்களாவே காட்டலையேன்னு. எனக்கு கான்ராட் ரொம்ப பிடிக்கும், இருந்தாலும் அச்சிபே கேட்டது நியாயம். பயங்கரம் காட்டுல இல்லையே, ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல ரசீதுல இருந்துச்சு. ரசீதுக்கு எதுக்கு பனிமூட்டம்?

லவ்கிராஃப்ட்டுக்கும் இதே கோளாறுதான், இன்னும் மோசமா. அந்தாளு படு இனவெறியர், மூடி மறைக்க ஒண்ணும் இல்ல. 1925ல எழுதின 'ரெட் ஹுக்' கதையில நியூயார்க்ல குடியேறின ஏழை ஜனங்களையே ஜந்து மாதிரி எழுதி வச்சிருக்கார். 2016ல விக்டர் லாவல்ங்கற கறுப்பின எழுத்தாளர் அதே கதைய ஒரு கறுப்பின இளைஞன் கண்ணு வழியா திருப்பி எழுதினார். தனியார் டிடெக்டிவ் ஒருத்தன் அந்த இளைஞனோட அப்பாவ வீட்டுலயே சுட்டுக் கொன்னுட்டு, கையில இருந்த கிட்டார துப்பாக்கின்னு நெனைச்சேன்னு சொல்றான். அதுக்கப்புறம் அந்த பையனுக்கு கதுலு எல்லாம் ஒரு பொருட்டாவே தெரியல. படிக்கும்போது எனக்கும் தெரியல.

நடுவுல வள்ளுவர் வேற வந்து உக்காந்துக்கிட்டார். "மக்களே போல்வர் கயவர்"னு கயமை அதிகாரத்துல முதல் குறள், 1071. பாக்க அச்சு அசல் மனுஷன் மாதிரியே இருப்பாங்க, இப்படி ஒரு ஒற்றுமைய வேற எதுலயும் பார்த்ததில்லன்னு சொல்றார். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணப்ப ஒண்ணும் தோணல, இப்ப படிச்சா பக்கா ஹாரர் லைன். ஆனா இதுல எனக்கு அவரோட ஒரு சின்ன சண்டை இருக்கு. 'போல்வர்'னு சொன்னதும் அப்ப அவங்க நெசமான மனுஷங்க இல்லன்னு ஒரு வழி கிடைச்சுடுதே ஐயா, எனக்கு அந்த வழியத்தான் அடைக்கணும்.

அதை சுத்தமா அடைச்ச பேப்பர் ஒண்ணு இருக்கு. 1942 ஜனவரி 20, பெர்லின் ஓரத்துல வான்ஸேங்கற ஏரிக்கரையில ஒரு பங்களா. ஐரோப்பாவுல இருக்கற யூதர்கள ஒழிக்கறது பத்தி நாஜி அதிகாரிங்க 15 பேர் மீட்டிங். அதுல பாதிக்கு மேல டாக்டர் பட்டம் வாங்கினவங்க. சுமார் ஒன்றரை மணி நேரம், நம்ம ஆபீஸ் ரிவ்யூ மீட்டிங் கூட அதை விட நீளும். மினிட்ஸ் எழுதி 30 காப்பி எடுத்தாங்க, அதுல 16ஆவது காப்பி மட்டும் போர் முடிஞ்சப்புறம் கிடைச்சுது. உள்ள நாடு வாரியா ஒரு லிஸ்ட், எந்த நாட்டுல எத்தனை யூதர்கள்னு, கூட்டினா ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல. அவங்க இன்னும் பிடிக்காத இங்கிலாந்து கூட லிஸ்ட்ல இருக்கு, போர்ல சேராத ஸ்விட்சர்லாந்து கூட. அல்பேனியாவுக்கு நேரா 200ன்னு போட்டிருக்கு.

அந்த லட்சக்கணக்கு நம்பர் எல்லாம் மனசுல நிக்கல. அந்த 200 நிக்குது. யாரோ ஒருத்தர் உக்காந்து தேடியிருக்காங்க. அல்பேனியாவ விட்டுட்டோமேன்னு பதறியிருக்காங்க. அந்த 200 பேருக்கு தெரியாது, ஏதோ ஒரு ஏரிக்கரையில தாங்க ஒரு வரியா ஆயிட்டோம்னு. கதுலுவுக்கு நாம இருக்கறதே தெரியாது, அது ஒரு விதத்துல நிம்மதி. இங்க எண்ணி வச்சிருக்காங்களே.

சரி கதைக்கு வரேன்.

இப்ப என் கதையில ஜந்து இல்ல, கீழ் ரூமும் இல்ல. காப்பகத்தோட கணக்குப் பிரிவுல வேலை பாக்குற ஒரு அம்மா இருக்காங்க, பில் பாஸ் பண்றது அவங்க வேலை. சோப்பு, போர்வை, பினாயில், தலையணை உறை. காப்பகத்துல 120 கட்டில். மாசா மாசம் புதுசா சேர்றவங்க லிஸ்ட் வருது, நாப்பது பேர் பக்கம். ஆறு மாசமா தலையணை உறை பில் மட்டும் 120க்கு மேல ஏறவே இல்ல. ஒரு நாள் மதியம் சாப்பிட்டு முடிச்சு டிஃபன் பாக்ஸ கழுவிட்டு வந்து உக்கார்ந்தப்பதான் அவங்களுக்கு இது உறைக்குது. அட்மிஷன் ஃபார்ம எடுத்து பாக்கறாங்க, சேர்ந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு, வெளிய போன தேதின்னு கட்டமே இல்ல. காலியா விட்டிருந்தா கூட பரவால்ல, கட்டமே அடிக்கல.

மேலதிகாரிகிட்ட போய் கேக்கறாங்க. அவர் கெட்டவர் இல்ல, முதுகுவலி, நாற்காலியில ஒரு குஷன் போட்டு உக்காந்திருக்கார். "சார், இந்த ஃபார்ம்ல வெளிய போறவங்களுக்கு கட்டமே இல்லையே சார்."

"பழைய ஃபார்ம்லயும் கிடையாதும்மா. யாரும் கேட்டதில்ல." கொஞ்ச நேரம் கழிச்சு, "ஃபேன ரெண்டுல வை, பேப்பர் பறக்குது"ன்னு சொல்றார்.

இதோட அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடுது. வாசகருக்கும் தெரிஞ்சுடும்னு நம்பறேன். எங்க போறாங்க எப்படி போறாங்கன்னு கதையில எங்கேயும் சொல்லப்போறதில்ல, ஆனா அது மர்மத்துக்காக இல்ல, சொல்ல வேண்டிய அவசியமே வராது.

முடிவுதான் இழுத்தடிச்சுது. முதல்ல அந்த அம்மாவுக்கு பைத்தியம் பிடிக்கிற மாதிரி எழுதினேன், லவ்கிராஃப்ட் வழி. படிச்சுப் பார்த்தா ரொம்ப மரியாதையா இருந்துச்சு, உண்மைய பார்த்து பைத்தியம் ஆகறதுன்னா அது மனசாட்சிக்கு குடுக்கற சல்யூட்தான? அடுத்து அவங்க பத்திரிகைக்கு போற மாதிரி எழுதினேன். மொரெல் போனார், 1901ல வேலைய உதறினார், 1904ல சங்கம் ஆரம்பிச்சு ராஜாவையே ஆட்டினார். ஆனா அப்படி முடிச்சா திரும்பவும் அப்பாடாதான். அதுவும் இல்லாம ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த துறைமுகத்துல என்ன ஏறுது என்ன இறங்குதுன்னு மொரெல் மட்டுமா பார்த்தார்? மூட்டை தூக்கினவங்க, எடை போட்டவங்க, ரசீது எழுதினவங்க, சீல் குத்தினவங்க. அத்தனை பேரும் சாயங்காலம் வீட்டுக்கு போய் சாப்பிட்டு தூங்கினாங்க. என் கதை அவங்கள பத்தினதுதான்னு ரொம்ப லேட்டா புரிஞ்சுது. (1948ல ஷர்லி ஜாக்சனோட 'லாட்டரி' கதை வந்தப்ப, ஊர் கூடி சீட்டு குலுக்கி ஒருத்தர கல்லால அடிச்சே கொல்ற கதை அது, பத்திரிகைக்கு வந்த லெட்டர்ல சில பேர் இந்த லாட்டரி எங்க நடக்குது, நேர்ல வந்து பார்க்கலாமான்னு கேட்டிருந்தாங்களாம். இதுக்கு மேல என்னத்த கற்பனை பண்றது?)

அதனால மூணாவது முடிவு. அந்த அம்மா சீட்டுக்கு திரும்பி வராங்க, ஆறு மாச லிஸ்ட்டையும் எடுத்து வச்சு கூட்டறாங்க. அடியில போட்டிருக்கற மொத்தத்தோட டேலி ஆகல. யாரோ கூட்டல்ல தப்பு பண்ணியிருக்காங்க. அதை சிவப்பு இங்க்ல அடிச்சு, சரியான தொகைய எழுதி, பக்கத்துல இனிஷியல் போடறாங்க. அவ்ளோதான் கதை.

இதை நேத்து ராத்திரி எழுதி முடிச்சேன். மாசவாரியா நம்பர் போட்டிருந்தேன், 38, 41, 40, 44, 36, 41. அந்த அம்மா எழுதற சரியான தொகை 242ன்னு கதையில நாலு இடத்துல வருது. இன்னிக்கு காலையில போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி எதுக்கும் செக் பண்ணிடுவோம்னு கால்குலேட்டர்ல போட்டேன், 240தான் வருது. நாலு இடத்துல மாத்தணுமான்னு அலுப்பா இருந்துச்சு. கடைசி மாச 41ஐ 43 ஆக்கினேன், டேலி ஆயிடுச்சு, டீ போட போயிட்டேன். பால் பொங்கறப்பதான் அந்த ரெண்டு பேர் ஞாபகம் வந்தாங்க.